தலைவாரும் மெட்டு

ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவுவது அவர் வேலை. கல்யாணமான புதிதில் ஏற்பட்ட ஒப்பந்தம். அவர் தேய்த்துக் கொடுப்பார், அவள் துடைத்து அடுக்குவாள். அடிப்பிடித்த சட்டியை மட்டும் "இது ஊறட்டும்" என்று ஓரம் கட்டிவிடுவார். அது ஊறி ஊறித் திங்கட்கிழமை அவள் கைக்குத்தான் வரும்.

அன்றைக்கு அந்தச் சட்டியையும் அவரே எடுத்துத் தேய்த்தார். இவர் ஏதோ கேட்கப் போகிறார் என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் ஒரு துணிக்கடையின் மாடியில் ஆல்டரேஷன் தைப்பவள். பேண்ட்டின் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்துவிடுவது, ஜிப் மாற்றுவது. "போன வருஷம் சரியாத்தான் இருந்துச்சு, துணி சுருங்கிடுச்சு" என்று வருகிறவர்களிடம், "ஆமாங்க, இப்பல்லாம் துணி அப்படித்தான் வருது" என்று முகம் மாறாமல் சொல்வாள். தைக்கும்போது வாய் சும்மா இருக்காது. பாட்டு என்று சொல்ல முடியாது, உதடு பிரியாமல் ஒரு முனகல். தையல் நேராக ஓடினால் அதுவும் ஓடும், தடித்த மடிப்பு வந்தால் இழுக்கும்.

அவர் மேடைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், கோட்டின் கையைக் குறைக்க அவளிடம்தான் வந்தார். சரியாகத் தைத்துக் கொடுத்த பிறகும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வந்துகொண்டே இருந்தார். கல்யாணம் நிச்சயமானபோது கோட்டுக்கை முழங்கைக்கு ஏறியிருந்தது. பிறகு கச்சேரிகள் குறைந்து, டிவி தொடர்களுக்குப் பின்னணி இசை சேர்க்கப் போனார். நாள் முழுக்க மாமியார் கதவைத் திறந்தால் இடி, மருமகள் கண்ணைத் திறந்தால் வயலின். வீட்டுக்கு வந்தால் ஒரு சத்தம் ஆகாது. அவள் முனகல் மட்டும் அவரை உறுத்தியதில்லை.

அவர்களுக்கு ஒரு பெண் இருந்தாள். தலைமுடியைப் பார்த்து எல்லோரும் 'சுருட்டை' என்றே கூப்பிட்டார்கள். காலையில் சீப்பை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். இழுத்து வந்து முழங்கால்களுக்கு நடுவில் உட்காரவைத்துத் தலை வாருவதற்கென்றே தாய்க்காரி ஒரு மெட்டு வைத்திருந்தாள். சீப்பு இறங்கினால் மெட்டும் இறங்கும். சிக்கு வந்தால் மெட்டு நிற்கும். அந்த இடத்தில் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். சிக்கு விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மெட்டு நின்றால் வலிக்கப் போகிறது என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அதனால் அழமாட்டாள்.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போன பிள்ளை நடந்து திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அந்த மெட்டை அவள் வாய்விட்டு முனகவில்லை. குளிக்கும்போது மட்டும் உள்ளுக்குள்ளேயே ஓடவிடுவாள். ஓடவிட்டால் முழங்கால்களுக்கு நடுவில் அந்தச் சின்ன முதுகின் சூடு வரும். ஈர முடியின் வாசனை வரும். போட்டோவில் வராதது அதில் வந்தது.

கடையில் பக்கத்து மெஷின்காரிக்கு 'ரேடியோ' என்று பேர். தெருவில் நடப்பதையெல்லாம் விடாமல் ஒலிபரப்புவதால் வந்த பேர். ஒருநாள் மதியம் ரேடியோ போனைச் சாப்பாட்டு டப்பாவில் சாய்த்து வைத்துத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து ஒரு புல்லாங்குழல் வந்தது. இறங்கியது, நின்றது, மூச்சைப் பிடித்தது, மறுபடி தொடர்ந்தது.

தாய்க்காரி வாசல் பக்கம் திரும்பினாள். பிள்ளை வந்து நிற்கிறது என்றே ஒரு கணம் நினைத்தாள்.

"என்னக்கா, நீங்களும் அழ ஆரம்பிச்சிட்டீங்க? உங்களுக்குக் கதையே தெரியாதே!" என்றாள் ரேடியோ. "புள்ளைய பறிகொடுத்தவ அவ. இந்த மியூசிக் வந்தாலே எங்க வீட்டுக்காரரு துண்டைத் தேடுவாரு. என் பிரசவத்துக்கே கொட்டாவி விட்ட மனுஷன்! இதைப் போட்ட புண்ணியவான் நல்லா இருக்கணும்."

புண்ணியவான் யாரென்று அவள் ரேடியோவிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டாள். அவர் மறைக்கவில்லை.

"டைரக்டர் உடனே அழுகை வேணும்னு உக்காந்துட்டாரு. கையில எதுவும் இல்ல. என்னையறியாம அது வாயில வந்துடுச்சு. குழல்காரர் வாசிச்சாரு, நான் அங்கேயே..." என்று நிறுத்தினார். "ஆஸ்பத்திரில கூட எனக்கு அழுகை வரல, உனக்கே தெரியும். அன்னிக்குத்தான் வந்துச்சு."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே?"

"எனக்கும் அவ பொண்ணுதானே."

அது நியாயமான பேச்சு. நியாயமில்லாமல் ஏதாவது சொல்லியிருந்தால் தட்டையாவது எறிந்திருப்பாள்.

மெட்டு பிய்த்துக்கொண்டு போனது. தொடரை வேறு பாஷைகளுக்கு மாற்றினார்கள். பேச்சு மாறியது, அழுகிற இடம் மாறவில்லை. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் போன் அந்த மெட்டில் அடித்தது. அவர் எடுத்து, "சிமெண்ட் வந்துடுச்சா இல்லையா?" என்று கத்தினார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோது சுவரிலிருந்து வந்தது. ரேடியோ ஒரு வீடியோ காட்டினாள். பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்தில், தடித்த கோட்டு போட்ட பள்ளிப் பிள்ளைகள் அந்த மெட்டுக்குத் தங்கள் பாஷையில் சொல் போட்டு வேகமாகப் பாடினார்கள். நிற்கிற இடத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு தட்டு தட்டிவிட்டுச் சிரித்தார்கள். அவர்களுக்கு அது விளையாட்டுப் பாட்டு. அந்தப் பிள்ளைகள் மேல் மட்டும் அவளுக்குக் கோபம் வரவில்லை. இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தாள்.

ஆனால் குளிக்கும்போது முதுகின் சூடு வருவது நின்றுபோயிற்று. மெட்டை ஓடவிட்டால், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிற அந்த நடிகைதான் வந்தாள். அவளை விரட்டிவிட்டுப் பிள்ளையை வரவழைப்பதற்குள் வாளித் தண்ணீர் ஆறிவிடும். அப்படியும் பிள்ளை வரவில்லை.

இப்போது அவர் சட்டியைத் தேய்த்து முடித்துவிட்டு வாயைத் திறந்தார்.

"ஒரு படம் எடுக்கறாங்க. அந்த மெட்டு படம் முழுக்க வருது. டைரக்டர் குழல் வேணாம்கறாரு. ஒரு அம்மா குரல் வேணுமாம், பாடத் தெரியாத குரல். நான் உன்னைச் சொன்னேன்."

"பாடத் தெரியாதவன்னா சொன்னீங்க?"

"ஏம்மா..."

"இல்ல, சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

அவர் நுரைக்கையோடு திரும்பினார். "உன்கிட்ட கேக்காம எடுத்தது. உன் குரல்லயே இருந்துட்டுப் போகட்டுமேன்னு நெனச்சேன்."

அவள் கையிலிருந்த தட்டைத் துடைத்து அடுக்கினாள். தன் வாயாலேயே பாடிவிட்டால் அந்த நடிகை போய்விடுவாளோ என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு, இத்தனை காலத்துக்குப் பிறகு வாய்விட்டு முனகினாள். மெட்டு வந்தது. இறங்கி, நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால், மேலே ஒரு வளைவு வளைந்தது.

அவள் நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். மறுபடி அதே வளைவு, பிறகு கத்தரித்து வைத்தாற்போல அதே இடைவெளி.

"நல்லாத்தானே இருக்கு," என்றார்.

"இது குழல்காரரோடது. இந்த வளைவு என்கிட்ட இல்ல."

"அப்ப உன்னோடது எப்படி?"

அவள் இன்னொரு தடவை முயன்றாள். வரவில்லை. "நீங்க சொல்லுங்க. நீங்கதானே கேட்டு எடுத்துக் குடுத்தீங்க."

அவர் மெல்ல முனகினார். அதுவும் வளைவோடுதான் வந்தது. "நீ ஒரு நாள் மாதிரி ஒரு நாள் பாடினதில்லம்மா," என்றார். "சிக்கு எங்க இருந்துச்சோ அங்க நிறுத்துவே. நான் அதுல ஒண்ணை எடுத்துக்கிட்டேன்."

"எந்த நாளை?"

"ஏதோ ஒண்ணு."

அவள் துணியை மேடையில் வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னிக்கும் தலை வாரினேன். காய்ச்சல்ல என்மேலயே தூங்கி விழுந்துக்கிட்டு இருந்தா. நீங்க கட்டில்ல உக்காந்து ஷூ மாட்டிக்கிட்டு எங்களையேதான் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அன்னிக்கு எப்படிப் பாடினேன்? அது ஒண்ணை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

அவர் குழாயை மூடினார். மெல்ல முனகத் தொடங்கினார். குழல்காரரின் அதே வளைவு வந்ததும் நிறுத்திவிட்டார். கையிலிருந்த நுரை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"ஏங்க?"

அவர் அவளைப் பார்க்காமல் துண்டை எடுத்தார். விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே வெளியே போனார்.