குதி தேயாத சப்பாத்து

ஒரு மாதமாக, காலையில் கட்டிலால் இறங்கி முதல் அடி வைத்தால் குதிக்காலில் ஆணி ஏறின மாதிரி நோ. நுனிக்காலில்தான் குளியலறைக்குப் போகிறேன். இந்த நடை எனக்குப் பழக்கமானது. அப்பாவின் நடை.

ஸ்டுட்கார்ட்டில் ஒரு உணவகத்தில் நாள் முழுக்க நின்று கோப்பை கழுவினவர். வாசலில் கழற்றி வைக்கும் சப்பாத்தில் பொரித்த எண்ணெய் மணக்கும். விடிய எழும்பி எங்கள் கட்டில்களைக் கடந்து நுனிக்காலில் போவார். நானும் அக்காவும் பின்னாலேயே அப்படி நடந்து காட்டிச் சிரிப்போம்.

"ஏனப்பா பூனை மாதிரிப் போறீங்கள்?"

"நீங்கள் நித்திரையெல்லோ, எழுப்பக் கூடாது எண்டுதான்."

முழித்திருந்து சிரிக்கிற எங்களிடமே அதைச் சொல்லுவார்.

நேற்றுத்தான் டொக்டரைப் பார்க்க டெர்மின் கிடைத்தது. நெடுநேரம் நின்று வேலை செய்கிறவர்களுக்கு உள்ளங்கால் சவ்வு இழுபட்டு இப்படி நோகுமாம். சப்பாத்துக்குள் மெத்தை வைத்து, தினமும் கால்களை நீட்டிப் பயிற்சி செய்தால் சில மாதங்களில் மாறிவிடும் என்றார் டொக்டர். அவ்வளவுதான்.

அப்பா செத்த கிழமை அவருடைய வேலைச் சப்பாத்தைத் தூக்கியது நான்தான். முன்பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது.

"இதைப் பாரக்கா, குதி புதுசாவே கிடக்கு" என்று அதிசயப்பட்டுவிட்டு, குப்பைக்குள் போட்டேன்.