சிவப்புச் சீட்டு கட்டிய விண்டோஸ்

பிள்ளைப்பாக்கம் சுபஸ்ரீக்கு ஒழுங்கு என்றால் உயிர். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பதினான்கு வருடமாக உற்பத்தி லைனில் நிற்கிறாள். ஸ்பேனரை இடம் மாற்றி வைத்தவன் அவள் வாயிலிருந்து தப்ப முடியாது. லைனைச் சுத்தமாக வைத்ததற்கு மூன்று முறை பரிசு வாங்கியிருக்கிறாள். மூன்றும் டிபன் பாக்ஸ்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் எதில் திறக்க வேண்டும் என்று கேட்டு ஒன்பது வரியில் ஒரு மெனு வந்து நிற்கும். இரண்டு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. விண்டோஸ் அவளுக்கு, லினக்ஸ் புருஷன் வசந்தகுமாருக்கு. அவன் அதில் ரோபோவுக்கு புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்கிறான்; கால் பங்கு புரோகிராம், முக்கால் பங்கு கிரிக்கெட். பத்து நொடிக்குள் யாரும் எதையும் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் தானாக லினக்ஸுக்குள் போய்விடும். விண்டோஸ் வேண்டுமென்றால் கீழ் அம்பை ஆறு முறை தட்ட வேண்டும்.

போன ஞாயிறு கம்பெனியின் ஆன்லைன் மாதிரித் தேர்வு. கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, பொங்கிய பாலை இறக்க ஓடினாள். திரும்பி வந்தால் லினக்ஸ். அணைத்து, மறுபடி போட்டு, விண்டோஸ் ஆடி அசைந்து வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

இன்றைக்கு நிஜத் தேர்வு, லைன் லீடர் வேலைக்கு. அவள் வேலை செய்யும் பிரிவில் இதுவரை ஒரு பெண்ணும் லீடராக வந்ததில்லை. பத்து மணிக்குள் உள்ளே நுழைய வேண்டும், விட்டால் அடுத்த வருடம்தான். அதுவும் விண்டோஸில் மட்டும்தான் திறக்கும்.

தேர்வு நாளன்று யாராவது கம்ப்யூட்டரில் கை வைப்பார்களா? சுபஸ்ரீ வைத்தாள். வாரம் முழுக்க ஓ.டி., பாவம், அவளுக்குக் கிடைத்தது இந்த ஒரு காலைதான்.

"இன்னா சுபா, காலங்காத்தால இன்னா நோண்டிக்கினு கீற? எதுனா கெட்டுடப் போவுது" என்றான் வசந்தகுமார்.

"நீங்க சும்மா இருங்க. போன வாரம் உங்க லினக்ஸாலதான் என் டெஸ்ட்டு பூடுச்சு."

மெனுவைத் திருத்த லினக்ஸிலேயே ஒரு செயலி இருந்தது. கம்பெனி வழக்கப்படியே ஆரம்பித்தாள். வேண்டாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டு கட்டித் தனி மூலையில் ஒரு மாதம் வைக்க வேண்டும். அதற்குள் யாரும் தேடி வராவிட்டால்தான் குப்பைக்குப் போகும். பழைய லினக்ஸ், அதைப் பழுது பார்க்கும் வழி, மெமரி சோதனை என்று ஒவ்வொன்றாகக் களையெடுத்தாள். விண்டோஸ் என்று இரண்டு வரி இருந்தது. ஆறு தட்டு தட்டியே பழகியவள், தட்டுவது எந்த வரி என்று படித்ததே இல்லை. ஒன்று டிஸ்கில் இத்துனூண்டு இடம்தான் பிடித்திருந்தது. மற்றதில்தான் அவளுடைய ஃபைல் எல்லாம். ஒரே பொருள் ரெண்டு எதற்கு? சின்னதையும் எடுத்தாள். மிச்சமிருந்த இரண்டு வரிக்கும் SUBA, VASANTH என்று பெயர் வைத்து, தன் பெயரை மேலே ஏற்றினாள்.

அணைத்துப் போட்டாள். SUBA. கறுப்புத் திரை, ஒரு வரி இங்கிலீஷ், அத்தோடு நின்றது. மறுபடி போட்டாலும் அதே. மணி ஒன்பது நாற்பது.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "கம்ப்யூட்டர் ரிப்பேர் பாபு கடைக்கு ஓடட்டா?"

"ஞாயித்துக்கிழமை அவன் ஏது? இருங்க, யோசிக்க வுடுங்க."

காலையில் எடுத்ததில் ஏதோ ஒன்றுதான் காரணம். ஃபைலெல்லாம் பெரியதில் இருக்கலாம். கிளப்பிவிடுகிற சாவி அந்தச் சின்னதில் இருந்தால்? லைனில் ஐந்து கிலோ மோட்டாரை ஓட்டுவதும் கட்டைவிரல் அளவு ஸ்விட்ச்தானே. லினக்ஸுக்குள் போனாள். எடுத்த வரிகள் எல்லாம் செயலியின் ஓரத்தில் தனிப் பட்டியலாக இருந்தன. கம்பெனி வழக்கம் கையில் ஊறியிருந்ததால் 'அடியோடு அழி' என்ற பட்டனை அவள் தொட்டிருக்கவில்லை. சின்ன விண்டோஸை வெளியே எடுத்து, பெரியதை அந்தப் பட்டியலுக்கு அனுப்பி, SUBA என்ற பெயரை அதற்குக் கொடுத்து, முதல் வரியில் உட்கார வைத்தாள்.

விண்டோஸ் வந்தது. ஒன்பது ஐம்பத்தாறுக்குத் தேர்வுக்குள் நுழைந்தாள். கடைசிக் கேள்வி: சிவப்புச் சீட்டு கட்டிய பொருளை ஏன் உடனே எறியக் கூடாது? சொந்த வார்த்தையில் எழுதுக. சுபஸ்ரீ வாய்விட்டுச் சிரித்தாள். நான்கு வரி போதும் என்ற இடத்தில் ஒரு பக்கம் எழுதினாள். முடிவு இரண்டு வாரத்தில் வரும். அவளுக்குப் பயமில்லை.

சாயங்காலம் வசந்தகுமார் கிரிக்கெட்டுக்காகக் கம்ப்யூட்டரைப் போட்டான்.

"இன்னா சுபா, என்னுது கீழ பூடுச்சு?"

"பத்து செகண்டுக்குள்ள ஒரு தபா கீழ தட்டுங்க, வரும். நான் ரெண்டு வருஷமா ஆறு தபா தட்டிக்கினு இருந்தேன்."

அவன் ஒரு தடவை தட்டினான்.