எழுதாத தேர்வுக்கு ஒரு குறிப்பு

என் 1969-ஆம் ஆண்டு நாட்குறிப்பில், ஒரு புதன்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: “பொருளாதாரத் தேர்வு முடிந்தது. நான்காம் கேள்விக்கு நேரம் போதவில்லை.” அந்தத் தேர்வு நடந்ததோ மறுநாள், வியாழக்கிழமை.

அப்போது நான் ராயபுரத்திலிருந்து கல்லூரிக்குப் போய்வந்த பி.ஏ. இறுதியாண்டு மாணவன். மூன்று இரவுகள் தூங்காமல் படித்திருந்தேன். வியாழன் காலை அந்த வரியைப் பார்த்ததும், தேர்வுதான் முடிந்துவிட்டதே என்று நிம்மதியாகப் பாயில் சாய்ந்தேன்.

எட்டரை மணிக்கு வகுப்புத் தோழன் அந்தோணி வந்து உலுக்கினான்.

“இன்னா மாமு, படுத்துகினு கீற? பரிட்சைக்கு வர்ல?”

“அதான் நேத்தே எய்திட்டோமே!”

“நேத்தா? யார்கூட எய்தின? பேஜாரு பண்ணாத, எய்ந்திரு!”

நாட்குறிப்பைக் காட்டினேன். அவன் என் நுழைவுச்சீட்டை எடுத்துத் தேதியின்மேல் விரலை வைத்தான். அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டேன். அவன் வராதிருந்தால் ஓராண்டு வீணாகியிருக்கும்.

பஸ்ஸுக்கு ஓடும்போது, “கனவுலகூட நாலாங்கேள்வி தெரிலியா?” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்வுக் கூடத்திலும், இதுவாவது நிஜமா என்று விடைத்தாளைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

தேறிவிட்டேன். மற்றத் தேர்வுகளுக்குப் பத்து மணிக்கே படுத்தேன். இன்றும் அதே பழக்கம். நாட்குறிப்பைக் காலையில் முகம் கழுவிய பிறகே தொடுகிறேன். அந்த வரியை விழித்திருந்து எழுதினேனா, தூக்கத்தில் எழுதினேனா என்பது இதுவரை உறுதியாகவில்லை.