உறுதியில் விழுந்த என் பெருவிரல்

என் மகளுடைய சீதன வீட்டைச் சுனாமியில் கடல் கொண்டுபோனது. பதிலுக்கு அரசாங்கம் தந்த வீட்டின் உறுதிப் பத்திரத்தைப் பேத்தி வாசித்துச் சொன்னாள்: பெயர் மருமகனுடையது. எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. ஆண்தான் அங்கே வந்து சேருகிறவன். இதைக் கந்தோர் அதிகாரிகளில் யாருக்குச் சொல்லி விளங்கவைப்பது? யுத்தமே முடிந்துவிட்டது, பெயரை மாற்ற மகள் இன்னும் லோயர் தேடி முடிக்கவில்லை. “கெதியா எழுதித் தாற லோயர் வேணாம் மகள், கேள்வி கேக்கிற லோயரத் தேடு” என்றேன். அப்படி ஒருவரை எனக்கு எட்டு வயதிலேயே தெரியும்.

அப்போது எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. உம்மாவின் வீட்டையும் அதைச் சுற்றிய வளவையும் முழுதாக ராத்தாவின் பெயருக்குச் சீதன உறுதி எழுதித் தரவேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டாரின் பேச்சு. வாப்பா மௌத்தாகிவிட்டதால் எங்களுக்கு எல்லாம் உம்மாவின் தமையனான மாமாதான். சந்தையடியில் ஒருவர் இருக்கிறார், தேத்தண்ணி ஆறுவதற்குள் எழுதிவிடுவார், அவரிடம் போவோம் என்றார் மாமா. உம்மா அசையவில்லை.

“எனக்கு எழுத்துத் தெரியா காக்கா. வாசிச்சுக் காட்டாத ஆளுட்ட நான் விரல் வைக்கமாட்டன்.”

ஆகவே கல்முனைப் பிறக்கிராசியாரிடம் போனோம். லோயர்மாருக்கு அப்போது அதுதான் பெயர். அவர் எழுதுவதை வரிவரியாக வாசித்துக் காட்டுவார். ஆனால் கேள்வி கேட்டே ஆளைக் களைக்கவைத்துவிடுவார் என்று ஊரில் சொல்வார்கள். வழியில் வண்டிமாடு படுத்துக்கொண்டது. அந்த மாட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இன்றைக்கு முடியாது, விடுங்கள்.

எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. ராத்தாவுக்குப் புதுச்சேலை, எனக்கு அவள் போட்டுக் கழித்த சட்டை. வண்டியில் அவளுக்கு மெத்தைப் பக்கம், எனக்கு மாட்டுவால் பக்கம். பிறக்கிராசியாரின் அறையில் அவளுக்கு உட்காரக் கதிரை, எனக்குச் சாயச் சுவர். அவளுடைய பெயரை அவர் ஒருமுறைக்கு இருமுறை கேட்டு எழுதினார். என் பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டு, உம்மாவின் பெருவிரலுக்காக மைப்பெட்டியைத் திறந்தார். அவ்வளவு நேரமும் சுவரோடு நின்ற நான் பாய்ந்துபோய் என் விரலை மையில் அமுக்கி, உறுதியின் நடுவில் ஒரே குத்தாகக் குத்தினேன்.

“அடி நாசமாப் போவாளே! உறுதியக் கெடுத்துப்போட்டாயே!” என்று மாமா கையை ஓங்கினார்.

“பொறுங்க” என்றார் பிறக்கிராசியார். “இது யாருட புள்ள?”

“எண்ட எளய மகள் ஐயா” என்றார் உம்மா.

“ரெண்டு பொம்புளப் புள்ளயள் இரிக்கெண்டு எனக்கிட்ட ஒருத்தரும் சொல்லல்லயே?”

“அவள் சின்னவள்தானே, பிறகு பாப்பம்” என்றார் மாமா.

“முழுசும் மூத்தவக்குப் போனா, பிறகு பாக்க என்ன இரிக்கி?”

உம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தமையனிடம் கேட்க முடியாததை வேறு யாராவது கேட்கட்டும் என்றுதான் அவர் இந்த ஆளைப் பிடித்தாரோ என்று பின்னாளில் நினைத்ததுண்டு. அன்று வாயைத் திறந்தது ராத்தா.

“வளவில பின்பக்கத்தத் தங்கச்சிக்கு எழுதுங்க ஐயா.”

“மாப்புள ஊட்டார் ஒத்துக்க மாட்டாங்க, தெரியுமா ஒனக்கு?”

“ஒத்துக்காட்டி இரிக்கட்டும் மாமா.”

நான் அழத் தொடங்கினேன். “அவக்கு முன்பக்கம், எனக்கு மட்டும் என்னத்துக்குப் பின்பக்கம்? அங்க கக்கூசுதானே இரிக்கி!” பிறக்கிராசியார் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு புதுத்தாள் எடுத்தார். இந்தமுறை என் பெயரையும் இருமுறை கேட்டார்.

அடுத்த கிழமையே மாப்பிள்ளை வீட்டார் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேறு மாப்பிள்ளை வர இரண்டு வருடம் ஆனது. கல்யாணம் நின்றது எதனால் என்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கோ நல்ல சந்தோசம்: ராத்தாவுக்குக் கல்யாணம் இல்லையென்றால் முன்பக்கத்தையும் பங்கு கேட்கலாம் அல்லவா?

செய்தி வந்த அன்று பின்னேரம் ராத்தா எனக்குத் தலைவாரிவிடக் கூப்பிட்டாள். கக்கூசுப் பக்கத்தைத் தந்தவளுக்குத் தலை கொடுக்கமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பொழுதுபட்டு மக்ரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை அப்படியே இருந்தாள். சீப்பைப் பிடிப்பதிலும் இவளுக்கு ஒரு புதுப் பெருமை வந்துவிட்டது என்று எனக்கு அதிலும் எரிச்சல்தான்.