சுண்டுவிரலில் திறந்த போன்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் சிறிய போன் கடை வைத்திருக்கிறேன். போன் விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற தலைக்கனம் அப்போது இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் புதுப் போனோடு வந்தார். "நம்பர் போட்டா லயத்துல பக்கத்து வீட்டுப் புள்ளைங்க பாத்து வச்சிக்கிதுங்க தம்பி. வெரல் வச்சா தொறக்கிற மாதிரி செஞ்சி தாங்க. மக மாசமா இருக்கா, மலையில நின்னு அவசரத்துக்குப் பேசணும்."

அவருடைய கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கறுத்துத் தேய்ந்திருந்தன. எத்தனை முறை வைத்தும் போன் ஏற்கவில்லை.

"ஒங்க வெரல்ல ரேகையே இல்லக்கா!" என்றேன் சத்தமாக. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார். முகத்தைக் காட்டினால் திறக்கும்படி செய்து கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். "மழைக்கு தலைய மூடிக்கிட்டு நின்னா போனுக்கு என்னைய அடையாளம் தெரியல தம்பி."

"மாத்தித் தரவா?"

"நானே மாத்திட்டேன்." சுண்டுவிரலை வைத்தார். போன் சட்டென்று திறந்தது. "கொழுந்து ஒடிக்கிறது இந்த ரெண்டு வெரலுந்தான். இது சும்மாதானே கூட வருது?"

போனை வாங்கிப் பார்த்தேன். "இத சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஆமா. அடுத்து வர்றவகிட்டயும் ரேகை இல்லன்னு சொல்லிறாதீங்க."

நான் போனை மட்டுமே பார்த்திருந்தேன். அவர் தன் கையை அறிந்திருந்தார். இப்போதெல்லாம் கறுத்த விரல்களோடு யார் வந்தாலும், "சுண்டுவெரல வைங்கக்கா" என்றுதான் தொடங்குகிறேன். அதற்குப் பிறகு என் கடையில் யாரும் கையை மறைத்ததில்லை.