திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள்

1. வாய் திறக்காத மண்டபம்

குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் நாடகக் குழுவின் முதல் நிகழ்வு தொடங்கிய கையோடு படுத்துவிட்டது. மண்டபம் நிறையப் பெண்கள். ஜன்னல்களைச் சாத்தியாயிற்று, வாசலில் ஆண் வாடையே இல்லை. நான் மைக்கைப் பிடித்து, "மாதவிடாய் நின்றபோது உங்களுக்கு ஏற்பட்ட அனுபவங்களை யாராவது பகிர்ந்துகொள்ளலாம்" என்றேன். எனக்கே அறிக்கை வாசித்தது போல இருந்தது. ஒருவரும் அசையவில்லை. கச்சான் காற்று மட்டும் கூரைத் தகட்டைத் தட்டித் தட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

எங்கள் வேலை இதுதான்: பார்க்க வந்த பெண்களில் ஒருத்தி தன் கதையைச் சொல்வாள், நாங்கள் அதை அந்த இடத்திலேயே நடித்துக் காட்டுவோம். எழுதிய பிரதி கிடையாது. கதை வராவிட்டால் நாடகமும் கிடையாது.

அன்று எங்களைக் காப்பாற்றியது சாந்தியின் உடம்பு. சாந்தி உடப்பு ஊர்க்காரி, எங்கள் குழுவின் மூத்த நடிகை. என் கியூவுக்காக ஸ்டேஜில் நின்றவளுக்கு உண்மையாகவே சூடு ஏறிவிட்டது. முகம் சிவந்து, கழுத்து வழியே வேர்வை இறங்க, விருந்தினருக்கு வைத்திருந்த தட்டை எடுத்து விசிறத் தொடங்கினாள். பிஸ்கற் எல்லாம் தரையில்.

"இது நடிப்பில்ல பிள்ளையள்," என்றாள் மூச்சு வாங்க. "சொந்தச் சரக்கு."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பின்வரிசையில் ஒருத்தி எழும்பினாள்: "அல்லாவே, இது எனக்கும் வாறதானே! பிரஷர் எண்டு நெனச்சி குளிசையும் போட்ட நான்!"

அதற்குப் பிறகு மைக் என் கைக்குத் திரும்பி வரவில்லை. இன்னொருத்தி கறிக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று மறந்து மறந்து மூன்று தரம் போட்டதைச் சொன்னாள். இன்னொருத்தி, காரணமில்லாமல் மாட்டுக்கொட்டிலில் போய் அழுததைச் சொன்னாள். மாடுகூடத் திரும்பிப் பார்த்ததாம்.

2. ஒரே வீட்டுக்குள் தபால் கந்தோர்

நஸீமாவை அங்கேதான் முதலில் கண்டேன். எத்தாளையில் கருவாடு காயவைப்பவர். மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் ராத்தா. என்னை அவர் 'டீச்சர்' என்பார். நான் எந்தப் பள்ளியிலும் படிப்பித்ததில்லை, சொல்லியும் பயனில்லை.

"எங்கட மனுசன் நோன்புல இருந்து என்னோட கதைக்கிறல்ல டீச்சர்," என்று கதை சொல்பவருக்கான கதிரையில் வந்து உட்கார்ந்தார். "எல்லாம் மகள் வழியாத்தான். 'உம்மாட்ட சொல்லு, தேத்தண்ணி வேணும்.' 'வாப்பாட்ட சொல்லு, சீனி முடிஞ்சி.' ஒரே வீட்டுக்குள்ள தபால் கந்தோர் நடத்துற நாங்க."

காரணம் ஒரு பாய். உடம்பு எரியத் தொடங்கியதும் ராத்தா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு குசினிச் சீமெந்துத் தரைக்குப் போய்விட்டார். ஏன் என்று சொல்லவில்லை. இருபத்தைந்து வருடக் குடும்பத்தில் இதற்கென்று ஒரு சொல் அவர்களிடம் இருக்கவில்லை. கணவர் ஜவ்பர் நானா போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர். தன்னை மனைவி வெறுத்துவிட்டாள் என்றே முடிவெடுத்துவிட்டார்.

"என்ட மேல்ல மீன் நாத்தம் அவக்குப் புடிக்கல்ல போல எண்டு மகள்ட்ட சொல்லி இருக்காரு. கருவாட்டுக்காரிக்கு மீன் நாத்தமா டீச்சர்?"

பெண்கள் சிரித்தார்கள். ராத்தா சிரிக்கவில்லை. சாந்தி எழும்பினாள். பாய் விரித்தாள், படுத்தாள், புரண்டாள். பக்கத்திலிருந்து ஒரு கை வருவது போலவும், அது பட்டால் எரியும் என்று அவள் ஒதுங்குவது போலவும் உடம்பாலேயே காட்டினாள். பாயைச் சுருட்டினாள். வாசலில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். ஒரு சொல் இல்லை. எனக்கும் அந்த வயதுதான். என் கழுத்துக்குப் பின்னால் ஒரு அடுப்பு மெல்ல மூண்டது.

"இத அவரு பாக்கணும்," என்றார் ராத்தா.

ஆண்களை விடுவதில்லை என்பது நாங்கள் கொடுத்த வாக்கு. அதைச் சொன்னேன். அவர் மண்டபத்தின் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு பச்சைத் திரை சுருட்டிக் கிடந்தது, பயான் என்னும் மார்க்கப் பேச்சு நடக்கும் நாளில் பெண்கள் பக்கத்தை மறைக்கக் கட்டுவது.

"மௌலவிமார் பேசக்குள்ள நாங்க திரைக்குப் பின்னுக்கு இருந்துதானே கேக்குற? ஒரு நாளைக்கு அவங்க இருக்கட்டும். என்ட கதைய மட்டும் போடுங்க. மத்தவங்கட ஒண்ணும் வெளிய போகப்படாது."

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, "கட்டுங்களே, பாப்பம்," என்றாள்.

3. கரண்ட் போன நாடகம்

மறுவாரம் ஆண்கள் வந்தார்கள். சிலர் மனைவிமார் தள்ளியதால், சிலர் பெட்டிஸும் தேத்தண்ணியும் உண்டு என்று கேள்விப்பட்டதால். ஜவ்பர் நானா கடைசியாக வந்து, செருப்பை வாசலில் நேராக வைத்துவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் ராத்தா.

சாந்தி பாயை விரித்தாள். படுத்தாள். புரண்டாள். அற்புதமாக நடித்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஒரு வாரமும் ரிகர்சலில் எத்தனையோ தரம் பார்த்த சீன். திரைக்கு அந்தப் பக்கம் அதில் ஒன்றும் தெரியாது என்பதை எங்களில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. அங்கே வெறும் அமைதி. ஒரு இருமல். கதிரை இழுபடும் சத்தம்.

"என்ன, கரண்ட் போயிட்டா?" என்றது ஒரு ஆண் குரல்.

சாந்தி பாயில் அப்படியே உறைந்து என்னைப் பார்த்தாள். வசனமாக ஏதாவது சொல் என்று சைகை காட்டினேன். அவளுக்கு வசனம் வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ எழும்பும் ஓசை.

நஸீமா ராத்தா எழும்பித் திரையருகே போனார். புருசன் பெயரை அவர் வாயால் சொல்வதில்லை.

"இந்தாங்க," என்றார் துணியைப் பார்த்து. "கரண்ட் போகல்ல. நான்தான்."

காற்றில் திரை புடைத்து அடங்கியது.

"நான் குசினில படுக்குறது ஒங்கள வெறுத்தில்ல. ராவைக்கு மேலெல்லாம் நெருப்பு. பாய் நனைய வேர்க்குது, பொறவு குளிருது. ஒங்கட கை பட்டாலும் சுடுது. எனக்கு மாசமாசம் வாறது நிக்கப் போகுது, அதான். அத என்னெண்டு சொல்ற எண்டு தெரியாமத்தான் பாயச் சுருட்டின."

யாரும் இருமவில்லை. நான் இத்தனை வருடம் மேடையில் உண்டாக்கப் பாடுபட்ட அமைதி அது. எங்கள் உதவியில்லாமல் வந்திருந்தது. ராத்தாவின் விரல்கள் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தன.

"அப்ப என்னோட கோவமில்லயா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். நோன்புக்குப் பிறகு மகள் வழியாக வராத முதல் பேச்சு.

"கோவம் இரிக்கி," என்றார் ராத்தா. "அது மூத்த மகள்ட கலியாணத்துல இருந்து இரிக்கி. இது வேற."

இந்தப் பக்கம் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பக்கமும் யாரோ தொடங்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். சிரிப்பு அடங்க, ஜவ்பர் நானா தொண்டையைச் செருமினார்.

"சரி. அத வீட்ட போய்க் கதைப்பம்."

4. இளையவர்களுக்கு

ராத்தா இன்னும் குசினியில்தான் படுக்கிறார். கதவைத் திறந்து போட்டு. ஜவ்பர் நானாவும் அங்கேயே வந்துவிட்டாராம். "காத்து ஒத்துக்கொள்ளாம, போர்வையத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கிட்டு அடக்கப் போற மையத்து மாதிரிக் கெடக்குறாரு டீச்சர். போங்க எண்டாலும் போறாரில்ல."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இதுதான் உண்டு. மற்றவரின் கதையை அழகாக நடித்து முடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். இப்போது ஒரு கதை வந்ததும் முதலில் கேட்பது, இந்தக் கதை யாருக்குப் போய்ச் சேர வேண்டும், அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை. கடைசி வசனம் அவருடையது. அவர் அதைச் சொல்லும் வரை மைக்கை யாரும் தொடக் கூடாது, நான் உட்பட.