கிண்ணியா பஸ்ஸில் ஆளில்லாத பை

மதியம் ஒரு மணிக்குத் திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கினேன். யாழ்ப்பாணத்தில் காலை ஆறு மணிக்கு ஏறிய பஸ். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் தூரம். வழியில் இரண்டு இடத்தில் சாப்பிட நிறுத்தினார்கள். நான் இறங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் நீட்டிய ஆரஞ்சுப் பழத்தையும் வாங்கவில்லை.

எல்லாம் என் மகன் சொல்லி அனுப்பியதுதான். வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு என்று போட்டிருக்கும் எச்சரிக்கைகளைக் கைபேசியில் தேடி எடுத்து, புறப்படுவதற்கு முந்தின வாரம் முழுக்க எனக்கு வாசித்துக் காட்டினான். தனியாக வந்திருப்பதை யாரிடமும் சொல்லக் கூடாது. தெரியாதவர் கொடுப்பதைத் தின்னக் கூடாது. பாஸ்போர்ட்டைக் கையை விட்டுக் கொடுக்கக் கூடாது. அடுத்தவர் பொட்டலத்தைச் சுமக்கக் கூடாது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுதி வைத்துப் படிப்பதைவிட காதால் கேட்டால் எனக்கு நன்றாக மனதில் நிற்கும். நின்றுவிட்டது.

என் மகள் மலர் கிண்ணியாவுக்கு அந்தப் பக்கம் ஆலங்கேணியில் இருக்கிறாள். எங்கள் நாகப்பட்டினம் பக்கத்து அகதி முகாமில் வளர்ந்த பையனைக் கட்டிக்கொண்டு, அவன் ஊருக்குத் திரும்பியபோது அவளும் கூடவே போய்விட்டாள். அவளுக்கு இது தலைப்பிரசவம். நாள் நெருங்கிவிட்டது. பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் எப்படி? மகனுக்குப் பாஸ்போர்ட் இல்லை. எனக்கு இருந்தது. கப்பல் ஏறிவிட்டேன்.

மருமகன் குகன் பஸ் நிலையத்துக்கு வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவனைக் காணவில்லை. என் கைபேசியோ இங்கே வேலை செய்யாது. யாழ்ப்பாணத்தில் சிம் விற்கிற கடையில் பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். 'தாங்கோ, படம் எடுத்திட்டுத் தாறன்' என்று கையை நீட்டினதும் நான் வந்துவிட்டேன்.

திருகோணமலை பஸ் நிலையத்தில் மான்கள் நிற்கின்றன. படத்தில் பார்ப்பது போல் காட்டில் இல்லை, பஸ்ஸுக்கும் பழக்கடைக்கும் நடுவில், நம் ஊர் மாடு மாதிரி. கொம்பு வைத்த ஒன்று வந்து என் பையை முகர்ந்து பார்த்தது. அதை விரட்டினேன். அதற்குள் ஓர் ஆட்டோக்காரர் வந்து, எங்கே போக வேண்டும், தனியவோ வந்தனீங்கள் என்று கேட்டார். மகன் தேநீர் குடிக்கப் போயிருக்கிறான் என்று சொன்னேன். அவர் போகவில்லை. மகன் வரட்டும், இருவரையும் ஏற்றிப்போகிறேன் என்று அங்கேயே நின்றார். இல்லாத மகனுக்காக அவர் அரை மணி நேரம் காத்திருந்தார். எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில், 'உங்கட மகன் நல்லாத்தான் தேத்தண்ணி குடிக்கிறார்' என்று சொல்லிவிட்டு வேறு சவாரிக்குப் போனார்.

மூன்றரை மணி வரை பார்த்தேன். குகன் வரவில்லை. அவன் வராததற்கு ஒரே ஒரு காரணம்தான் எனக்குத் தோன்றியது. மலருக்கு வலி கண்டிருக்க வேண்டும். இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று கிண்ணியா என்று எழுதியிருந்த தனியார் பஸ்ஸில் ஏறினேன். இருபது கிலோமீட்டர் வரும் என்றார்கள். டிக்கெட் நூற்றிருபது ரூபாய்.

என்னிடம் இரண்டு பைகள். ஒன்று மஞ்சள் துணிப்பை. அதில் ஒரு சீப்பும் வெற்றிலைப் பொட்டலமும். மற்றது கறுப்புப் பை. மலருக்குக் கொண்டுவந்த எல்லாம் அதில்தான். பாஸ்போர்ட்டும் பணமும் இடுப்புச் சுருக்குப்பையில். கிழவி எதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருக்கிறாளோ அதைத்தான் திருடன் பிடுங்குவான் என்பது நான் எங்கள் ஊர்ச் சந்தையில் பார்த்துத் தெரிந்துகொண்டது. அதனால் ஒரு வேலை செய்தேன். கறுப்புப் பையை முன் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டேன். அதற்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, வெறும் மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். இனி யார் பிடுங்கினாலும் சீப்புதான் கிடைக்கும். மகன் வாசித்த எச்சரிக்கையில் இல்லாத யோசனை இது என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பஸ் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. இவ்வளவு பெரிய துறைமுகம் அலை இல்லாமல் ஏரி போலக் கிடப்பதை நான் கண்டதில்லை. எங்கள் கடற்கரையில் நின்றால் காது அடைக்கும். இங்கே மலைகள் சுற்றி நிற்க, கப்பல்கள் கட்டிப்போட்ட மாடு போல் நின்றன. கரையோரம் கடற்படை வேலி. சீனக்குடாப் பக்கம் காட்டுக்குள் பழைய எண்ணெய்த் தொட்டிகள் வட்டவட்டமாக நிற்கின்றன. சத்தமே இல்லாத இடத்தை நான் நம்புவதில்லை.

சீனக்குடாவில் கறுப்பு அங்கி போட்ட ஒரு முஸ்லிம் பெண் ஏறி, என் முன் இருக்கையில், அதாவது என் பைக்கு நேர் மேலே, உட்கார்ந்தாள். நாற்பது வயது இருக்கும். உட்கார்ந்ததும் திரும்பிப் பார்த்து என்னிடம் பேச ஆரம்பித்தாள். எந்த ஊர், கிண்ணியாவில் யார் வீடு, தனியாவா வந்த நீங்க, சாப்பிட்டீங்களா. ஒவ்வொன்றும் என் மகன் எச்சரித்த கேள்வி. எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினேன். எதற்கு ஆம், எதற்கு இல்லை என்று அவளுக்கும் புரிந்திருக்காது. எனக்கும் தெரியாது.

கொஞ்ச தூரம் போனதும் அவள் கால் என் பையில் பட்டது. குனிந்து பார்த்தாள். கையால் தொடவில்லை. எழுந்து போய்க் கண்டக்டர் காதில் ஏதோ சொன்னாள். அவர் வந்து குனிந்து பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டுக் களவாணிகள்.

அப்போது சாலையின் ஒரு பக்கம் தண்ணீர் தெரிய ஆரம்பித்தது. கண்டக்டர் நிமிர்ந்து நின்று, பஸ் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார்.

"உது ஆற்றை பாக்?"

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஆற்றைப் பார்க்கச் சொல்கிறார். எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பையைத் தூக்கிவிடுவார்கள். எங்கள் ஊரில் 'அம்மா, காசு கீழே விழுந்திருச்சு' என்று சொல்லிக் கழுத்துச் சங்கிலியை அறுக்கும் அதே வித்தை. நான் ஆற்றைப் பார்க்கவில்லை. பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண்டக்டர் ஒவ்வோர் இருக்கையாகப் போய்க் கேட்டார். என்னிடம் வந்து, "அம்மா, ஆற்றை பாக்?" என்றார். பார்க்க மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். எனது பை என்று சொல்லிவிடலாம்தான். சொன்னால் அதில் என்னவோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். தவிர, அத்தனை பேர் முன்னால் வாய் திறந்து பேச எனக்கு வராது. எங்கள் தெருவிலேயே வராது.

பஸ் நின்றது. டிரைவர் எழுந்து ஏதோ சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை, முண்டியடிக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டார்கள், தங்கள் சாமானைக்கூட எடுக்காமல் மளமளவென்று இறங்கினார்கள். இந்த மாதிரி இறங்குவதற்கு இவர்கள் பழகியவர்கள் போல் இருந்தது. எனக்கு அது பிற்பாடுதான் உறைத்தது. அப்போது நான் நினைத்தது, பஸ்ஸைக் காலி செய்துவிட்டுப் பையை எடுக்கப் பார்க்கிறார்கள் என்று.

"ஆச்சி, இறங்குங்கோ. கெதியா இறங்குங்கோ" என்று கண்டக்டர் படியில் நின்று கூப்பிட்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பைக்குள் என் மகளுக்கு வேண்டிய மருந்து இருக்கிறது. அதை விட்டு இறங்க மாட்டேன். டிரைவரும் கூப்பிட்டார். அவர் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று கூப்பிட்டார். ஏன் அவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று யோசித்தேன். சன்னல் வழியே பார்த்தால் எல்லோருமே தள்ளித்தான் நின்றார்கள். ஒரு கிழவர் தன் பேரப்பிள்ளையின் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றார்.

திருடுகிறவர்கள் அப்படி நிற்க மாட்டார்களே என்று முதல்முறையாகத் தோன்றியது. ஆனாலும் கம்பியை விடவில்லை.

அப்போது ஒருத்தி மட்டும் கூட்டத்தை விட்டு ஓடி வந்தாள். அந்தக் கறுப்பு அங்கிப் பெண். யாரோ அவளை மறிக்கப் பார்த்தார்கள். அவள் கையை உதறிவிட்டுப் பஸ்ஸுக்குள் ஏறினாள். நடைவழிப் பக்கம் துருத்திக்கொண்டிருந்த என் பையைத் தாண்டும்போது அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதில் படாமல் எட்டி வைத்துத் தாண்டினாள். என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"வாங்க உம்மா. அது யாருட பை எண்டு தெரியா. வெடிச்சா ரெண்டு பேரும் மௌத்து. வாங்க."

யாருட பை. அப்படியென்றால் 'ஆற்றை பாக்' என்று கண்டக்டர் கேட்டதும் அதைத்தான்.

"அது என்னோட பைம்மா" என்றேன்.

அவள் அப்படியே என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். என் கையை விடவில்லை. பிறகு சன்னல் வழியே தலையை நீட்டி, "இந்த உம்மாட பையாம்" என்றாள்.

கண்டக்டர் ஏறி வந்தார். அவர் சட்டை நனைந்திருந்தது.

"ஆற்றை பாக், ஆற்றை பாக் எண்டு தொண்டை கிழியக் கேட்டனான். தலையை ஆட்டினீங்களே ஆச்சி."

"ஆத்தைப் பாக்கச் சொல்றீங்கன்னு நெனச்சேன் தம்பி."

அவர் என்னைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். "அது ஆறே இல்லை ஆச்சி. அது கடல்" என்றார்.

ஏறி வந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். எல்லோரும் இல்லை. காதைப் பொத்திக்கொண்டு நின்ற கிழவர் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எதிர்கொள்ள முடியவில்லை. இவர்கள் ஊரில் சொந்தக்காரர் இல்லாத பை என்றால் என்ன என்று அந்த முகத்தில் இருந்தது. என் மகன் வாசித்த எச்சரிக்கைகளில் எல்லாம் நான் யாருக்குப் பயப்பட வேண்டும் என்று இருந்தது. என்னைக் கண்டு யார் பயப்படுவார்கள் என்று ஒரு வரி இல்லை.

பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். காட்டினேன். மேலே என் பழைய நூல் புடவைகள் நான்கு. தூளிக்கும், பிள்ளைக்கு இடுப்புத் துணி கிழிக்கவும். அடியில் துணியில் முடிந்த மருந்துப் பொடி. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் வறுத்து இடித்தது. முடிச்சைத் தளர்த்தியதும் வாசனை பஸ் முழுக்கப் பரவியது.

பின்னாலிருந்து ஒரு பெண், "ஐயோ, சரக்கு கொண்டு வந்திருக்கிறா" என்றாள்.

எனக்கு உயிர் போய்விட்டது. எங்கள் ஊரில் சரக்கு என்றால் சாராயம். அதெல்லாம் இல்லை, வேண்டுமானால் மோந்து பாருங்கள் என்று நான் பதறியதும், என் பக்கத்தில் இருந்தவளுக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை பெற்றவளுக்குக் கறியில் போடும் மருந்துச் சாமானைத்தான் இங்கே சரக்கு என்பார்களாம். "புள்ள பெத்த ஊட்டுச் சரக்கு உம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் பெயர் பரீனா. அவளுடைய கைபேசியில்தான் குகனைக் கூப்பிட்டோம். எண் எனக்கு மனப்பாடம். நான் நினைத்தது சரி. மலருக்குக் காலையிலேயே வலி கண்டு, கிண்ணியா ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறான். அவளை விட்டு நகர முடியவில்லை. என் கைபேசிக்கு எத்தனையோ தடவை அடித்தானாம்.

நாலே முக்கால் மணிக்குக் கிண்ணியாப் பாலம் தாண்டினோம். பரீனாவின் வீடு குறிஞ்சாக்கேணியில். கிண்ணியாவில் இறங்கி ஆட்டோவில் நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். என்னையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள். இருநூற்றைம்பது ரூபாய். என்னைக் கொடுக்க விடவில்லை. ஆட்டோவுக்குள் கறுப்புப் பையை என் மடியில் வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், ஆட்டோ திரும்புகிற ஒவ்வொரு திருப்பத்திலும் பலகையில் ஆஸ்பத்திரி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் வந்தேன். பயம் என்பது ஒரு பெண் கையைப் பிடித்த உடனே இறங்கிப் போய்விடுவதில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு நின்றவர் எங்களை நிறுத்தினார். பார்வையாளர் நேரம் முடிகிற வேளை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கள் ஆற்றை அம்மா?"

பரீனா எனக்காகப் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"மலரோட அம்மா. நாகப்பட்டினத்துலேருந்து வந்திருக்கேன்."

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாக நான் பேசியது எனக்கே புதிது. அவர் கதவைத் திறந்துவிட்டார்.

அன்று இரவே பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. என் புடவைத் தூளியை அவர்கள் ஏணை என்கிறார்கள். அதில் அவள் நன்றாகத் தூங்கினாள்.

விசா முடிந்து கிளம்பிய நாள் பரீனா ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்தவர் பொட்டலத்தைச் சுமக்கக் கூடாது என்பது நினைவு இருந்தது. வாங்கிக்கொண்டேன். பஸ் சீனக்குடாவைத் தாண்டியதும் ஓரத்தைப் பிரித்துப் பார்க்காமலும் விடவில்லை. தொதல். அல்வா மாதிரி, கறுப்பாக, தேங்காய்ப்பால் வாசனையோடு.

நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி, பஸ் நிலையத்துக்கு வந்து, எங்கள் தெருப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். கை வலித்தது. பையை முன் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். ஆட்கள் ஏறினார்கள், அதன் மேல் காலை வைத்தார்கள், கைபேசியைப் பார்த்தார்கள். கண்டக்டர் அதைத் தாண்டித் தாண்டி டிக்கெட் போட்டார். மூன்று நிறுத்தம் போயிற்று. யாரும் யாருடைய பை என்று கேட்கவில்லை.

எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.